தகரக் கூரையும் மின்கட்டணச் சீட்டும்

மேலூர்ச் சாலைக் கிட்டங்கிகளில் மின்சாரம் எங்கே விரயமாகிறது?

மதுரையிலிருந்து திருச்சிக்குச் செல்லும் நான்கு வழிச்சாலையில், ஒத்தக்கடையின் யானைமலையைக் கடந்து, சிட்டம்பட்டிச் சுங்கச்சாவடியையும் பின்னே விட்டு, மேலூரை நெருங்கும் வழிப்போக்கர் ஒருவர், கத்திரி வெயில் உச்சத்தில் நிற்கும் பிற்பகல் இரண்டு மணிக்குச் சாலையோரத்துக் கிட்டங்கி ஒன்றின் ஷட்டருக்குள் தலையை நீட்டிப் பார்ப்பாராயின், முதலில் அவர் கண்ணுக்குப் புலப்படுவது இருட்டு. அடுத்து, அந்த இருட்டைப் போக்குவதற்காகப் பட்டப்பகலில் எரிந்துகொண்டிருக்கும் நானூறு வாட் விளக்குகளின் வரிசை. வெளியே கண்ணைத் திறக்க முடியாத வெளிச்சம். உள்ளே, மூட்டையின் மேல் ஒட்டிய சீட்டைப் படிக்கவும் விளக்கு வேண்டியிருக்கிறது.

லாரி பின்பக்கமாக வந்து வாசலை ஒட்டி நிற்கிறது. பலகையைச் சாய்த்துப் போட்டு, மூட்டைகளை முதுகில் வாங்கி வரும் சுமைதூக்கும் தொழிலாளர்கள், அட்டியின் கீழ்வரிசைகளை அடுக்கும் வரையில் பேச்சும் கேலியுமாக இருந்துவிட்டு, அட்டி உயர உயரப் பேச்சைக் குறைத்து, கூரையை ஒட்டிய கடைசி இரண்டு வரிசைகளுக்கு வரும்போது அறவே மௌனமாகிவிடுகிறார்கள். தலைக்கு மேலே கையெட்டும் தூரத்தில் தகரம் தகித்துக்கொண்டிருக்க, அங்கே பேசுவதற்கு மூச்சும் மிஞ்சுவதில்லை. மூலையில் சுழலும் பெரிய மின்விசிறியோ அதே அனலை வாரி அவர்கள் மேலேயே வீசுகிறது. சூரியன் இலவசமாகத் தரும் வெளிச்சத்தைக் கூரையால் மறைத்துவிட்டு அதையே மின்வாரியத்திடம் விலைக்கு வாங்குகிறோம். வேண்டாத உஷ்ணத்தை அதே கூரை வழியாக உள்ளே வரவழைத்து, அதைத் துரத்துவதற்கு மறுபடியும் மின்வாரியத்தின் வாசலிலேயே போய் நிற்கிறோம்.

கிட்டங்கிகளில் மின்சாரச் சிக்கனம் என்ற பேச்சு எழுந்தவுடன் எல்லோரும் விளக்கை அண்ணாந்து பார்க்கிறார்கள். விளக்கு முக்கியம்தான், அதை மாற்றுவது சுலபமும்கூட. ஆனால், விளக்குக்கும் இரண்டு அடி மேலே இருக்கும் கூரையும், கிட்டங்கியின் சொந்தக்காரருக்கும் வாடகைதாரருக்கும் இடையே எழுதப்படும் ஒப்பந்தப் பத்திரமுமே இந்த விரயத்தின் மூலஸ்தானங்கள் என்பது எமது அபிப்பிராயம்.

நெல்லும் லாரியும்

மேலூர் கிட்டங்கிகளுக்குப் புதிய ஊர் அன்று. 1895-இல் பென்னிகுயிக் கட்டி முடித்த பெரியாறு அணையின் நீர், பேரணையிலிருந்து பிரியும் பெரியாறு பிரதானக் கால்வாய் வழியாக இந்தச் சமவெளிக்கு வந்த நாள்தொட்டு, விளைந்த நெல்லை வைக்க இடம் தேடுவது இவ்வூரின் வருடாந்தரக் கவலையாகவே இருந்துவருகிறது. அறுவடைக் காலத்தில் நேரடிக் கொள்முதல் நிலையங்களின் களங்களில் தார்ப்பாய் போர்த்திய மூட்டைகளைப் பார்ப்பவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

அரசாங்கமும் கிட்டங்கி விஷயத்தில் சும்மா இருந்துவிடவில்லை. 1957-இல் மத்திய சேமிப்புக் கிடங்குக் கழகமும், 1958-இல் நமது மாநிலக் கழகமும், 1965-இல் இந்திய உணவுக் கழகமும், 1972-இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகமும் அடுத்தடுத்துத் தோன்றின. தனியார் கிட்டங்கிகளின் பெருக்கத்துக்குக் காரணம் வேறு. 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி அமலுக்கு வந்ததும், மாநிலத்துக்கு மாநிலம் வரிக்காகச் சிறுசிறு குடோன்களை வைத்திருந்த வியாபார நிறுவனங்கள், அவற்றைக் கலைத்து நெடுஞ்சாலை ஓரங்களில் பெரிய கிட்டங்கிகளாக ஒன்றுசேர்க்கத் தலைப்பட்டன. அதே ஆண்டு நவம்பரில் சரக்குக் கையாளும் துறைக்கு உள்கட்டமைப்பு அந்தஸ்தும் கிடைத்தது. 2023-இல் தமிழக அரசு அதற்கெனத் தனிக் கொள்கையே வெளியிட்டது. திருச்சி, காரைக்குடி, சிவகங்கைச் சாலைகள் கூடுகிற மேலூர், இந்தப் புதிய வியாபாரத்துக்கு ஏற்ற இடத்தில் அமைந்திருக்கிறது.

பெட்டிச் செய்தி: ஒரே தண்ணீர், இரண்டு வேலை
மேலூர் வயலுக்கு வரும் பெரியாற்று நீர், வயலை அடையும் முன்பே ஒரு காரியத்தை முடித்துவிட்டு வருகிறது. மலையிலிருந்து குழாய்களில் இறங்கி லோயர் கேம்ப் மின்நிலையத்தின் சுழலிகளைச் சுற்றிய பிறகுதான் அது சமவெளியில் ஓடத் தொடங்குகிறது. இந்த மின்உற்பத்தி 1958-இல் ஆரம்பமாயிற்று. கால்வாயில் கள்ளந்திரி வரை 45,041 ஏக்கர் இருபோகம். அதற்குக் கீழே மேலூர்ப் பகுதியில் 85,563 ஏக்கர் ஒருபோகம். தண்ணீர் இல்லாத மாதங்களில் இந்த ஊரின் விளக்குகள் தூத்துக்குடி போன்ற அனல்மின் நிலையங்களைப் பெரிதும் நம்பியே எரிகின்றன. அங்கே ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய முக்கால் கிலோ நிலக்கரி எரிகிறது.

கூரை என்னும் அடுப்பு

நடுப்பகலில் ஒரு சதுர மீட்டர் பரப்பின் மீது விழும் சூரிய சக்தி சுமார் ஒரு கிலோவாட். பதினாயிரம் சதுர அடிக் கிட்டங்கி இங்கே நடுத்தர அளவுதான். அதன் கூரை மீது அந்த நேரத்தில் இறங்குவது தொள்ளாயிரம் கிலோவாட்டுக்கு மேல். அந்தக் கிட்டங்கியின் எல்லா விளக்குகளும் விசிறிகளும் சேர்ந்து இழுப்பது இருபது கிலோவாட் இருந்தால் அதிகம். இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், விளக்கைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருப்பது எவ்வளவு சிறிய பேச்சு என்பது பிரத்தியட்சமாகும்.

துருவேறிய பழைய தகரம், விழும் கிரணங்களில் பாதிக்கு மேல் விழுங்கிவிடுகிறது. பளபளக்கும் புதுத்தகரமாவது தப்பிக்குமா என்றால், அதுவும் இல்லை. வெளிச்சத்தைத் திருப்பியனுப்பும் அந்தப் பளபளப்பே, தான் வாங்கிய உஷ்ணத்தை வெளியே உமிழ்வதிலும் கஞ்சத்தனம் செய்வதால், அதுவும் வெகுநேரம் சூடாகவே கிடக்கிறது. கோடைப் பிற்பகலில் தகரம் அறுபது டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சகஜம். அப்படிச் சுட்ட தகரம் காற்றைச் சூடாக்குவதோடு நில்லாமல், கீழே நிற்கும் மனிதனின் தோள் மீதும் அட்டியின் உச்சி மூட்டை மீதும் நேராகவே அனலைக் கதிர்வீசுகிறது. ஆகவேதான் விசிறி எத்தனை சுற்றினாலும் உச்சியில் நிற்பவருக்கு ஆறுதல் கிடைப்பதில்லை.

இதற்குப் பரிகாரம் ஒன்றும் அபூர்வமானதன்று. வெள்ளைப் பூச்சு ஒன்றே, புதிதாக இருக்கும்போது, கிரணங்களில் முக்கால் பங்கைத் திருப்பியனுப்பவல்லது. நம் வீட்டு மொட்டைமாடிகளுக்குச் சுண்ணாம்பு அடிக்கும் பழக்கத்தின் தத்துவமும் அதுவே. ஆமதாபாத் நகரம் 2017-இல் ஏழை மக்களின் வீட்டுக் கூரைகளுக்கு வெள்ளையடிக்கும் திட்டத்தைத் தொடங்கிற்று. தெலங்கானா 2023-இல் 2028 வரைக்குமான குளிர்கூரைக் கொள்கையை அறிவித்தது. மேலூர்ப் பக்கத்தில் ஒரு விசேஷச் சிக்கல் உண்டு: கல்குவாரிப் புழுதியும் நெடுஞ்சாலைப் புழுதியும் படிந்து, வெள்ளைக் கூரை இரண்டே கோடையில் பழுப்புக் கூரையாகிவிடும். ஆகையால் பூசுவதோடு காரியம் முடியவில்லை. ஆண்டுக்கு ஒருமுறையாவது, மாசி கடைசியிலோ பங்குனித் தொடக்கத்திலோ கழுவிவிட வேண்டும். பூச்சுக்குச் செலவு செய்துவிட்டுக் கழுவுவதற்குச் சோம்பினால், அந்தப் பணம் புழுதிக்கு அடியில் போய்விடும்.

தகரத்துக்கு அடியில் அலுமினியத் தகடொட்டிய காப்புப் போர்வை விரிப்பது இன்னொரு வழி. முகட்டில் திறப்பு வைத்து, சுவரின் அடிப்பாகத்தில் காற்றுவழி விட்டு, சூடேறிய காற்று தானே மேலே ஏறி வெளியேறும்படி செய்வது வேறொரு வழி. கூரையில் சுழலும் காற்றுருளைகளை இப்போது எல்லோரும் வைக்கிறார்கள். ஆனால் கீழே காற்று நுழைய வழி விடாமல், ஷட்டரையும் சாத்திவிட்டு, மேலே மட்டும் எட்டு உருளைகளைச் சுழலவிடுவதில் என்ன பிரயோஜனம் என்று யோசிப்பவர்கள் குறைவு. உள்ளே வர வழியில்லாத இடத்திலிருந்து காற்று வெளியேயும் போகாது. தென்மேற்கிலிருந்து ஆடிக்காற்று வீசும் மாதங்களில், எதிரெதிர்ச் சுவர்களில் திறப்புள்ள கிட்டங்கி விசிறி இல்லாமலேயே நாளைக் கடத்திவிடும்.

நம் முன்னோர் இதை அறியாதவர்கள் அல்லர். தஞ்சை மாவட்டத்துப் பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் ஒன்று இன்றும் நிற்கிறது. மூவாயிரம் கலம் கொள்ளும் அந்தச் செங்கற் கட்டடத்துக்குக் கூம்பிய வடிவமும் தடித்த சுவரும் கொடுத்த கொத்தனார், சுவர் தடித்தால் உள்ளே குளிர்ச்சி நிற்கும் என்பதைக் கண்டே அறிந்தவர். அதை அப்படியே திரும்பக் கட்டவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. முப்பதடி உயரத்தில், தூணே இல்லாமல், ஃபோர்க்லிஃப்ட் ஓடும்படி கட்டவேண்டிய இன்றைய கிட்டங்கிக்குத் தகரமே தகும். தகரம் என்று தீர்மானித்த பிறகு அதற்கு மேலும் கீழும் என்ன செய்வது என்று யோசிக்காமல் விடுவதுதான் குறை.

சட்டம் சொன்னதும் மறந்ததும்

கூரைக்கு வெள்ளையடித்தல், நீர் தெளித்தல், கூரையை உயர்த்துதல், இடையே காற்று நிற்கும்படி இரட்டைக் கூரை போடுதல் ஆகிய உபாயங்களை, ஏதோ இந்தப் பத்தாண்டில் வெளிநாட்டிலிருந்து வந்த புதுமைகள்போல் பலர் பேசுகிறார்கள். சுதந்திரம் வந்த மறுவருஷம் நிறைவேறிய 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, அதிக உஷ்ணத்தைக் குறைக்கும் வழிகள் என்று இவற்றையே பெயர் சொல்லி எண்ணிக் காட்டிற்று. 1987-இல் அப்பிரிவைத் திருத்தியபோது, பொதுவாக ‘தகுந்த நடவடிக்கைகள்’ என்று எழுதி, அந்தத் தெளிவான பட்டியலைக் கைவிட்டுவிட்டார்கள். எமக்கென்னவோ, பழைய வாசகமே மேலானது என்று தோன்றுகிறது. சுண்ணாம்பு என்று பெயர் சொல்லிக் கேட்ட சட்டத்துக்குச் சாக்குச் சொல்வது கடினம்.

இன்னொரு விசித்திரம்: அந்தச் சட்டம், குளிர்க் கிடங்கில் பொருளைப் பாதுகாத்து வைப்பதை உற்பத்தி வேலையாகக் கருதிற்று, வெறும் கிட்டங்கியில் மூட்டை அடுக்குவதை அப்படிக் கருதவில்லை. ஆகவே நாலு டிகிரிக் குளிரில் வேலை செய்பவருக்கு இருந்த பாதுகாப்பு, தகரத்தின் கீழ் நாற்பத்தைந்து டிகிரி அனலில் வேலை செய்பவருக்கு இருக்கவில்லை. கட்டடங்களுக்கான மின்சிக்கன விதித்தொகுப்பும் 2007 முதல் இருக்கிறது. அது நூறு கிலோவாட் இணைப்புச் சுமை அல்லது அதற்கு மேற்பட்ட வணிகக் கட்டடங்களைக் குறிவைத்து எழுதப்பட்டதாகையால், இருபது கிலோவாட்டில் காலம் தள்ளும் மேலூர்க் கிட்டங்கி அந்த வலையின் கண்ணி வழியே நழுவிவிடுகிறது.

பெட்டிச் செய்தி: விளக்குக் கணக்கு
கிட்டங்கி ஒன்றில் 400 வாட் மெட்டல் ஹாலைடு விளக்குகள் 40 இருப்பதாகக் கொள்வோம். சோக்கின் இழப்பையும் சேர்த்தால் விளக்குக்குச் சுமார் 440 வாட். நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் எரிந்தால் செலவு 211 யூனிட். அதே வெளிச்சத்துக்கு 150 வாட் எல்.இ.டி. போதும், செலவு 72 யூனிட். ஆண்டுக்கு 300 வேலைநாள் என்றால் மிச்சம் சுமார் 41,700 யூனிட். யூனிட் பத்து ரூபாய் வீதம் நாலு லட்சத்துக்கு மேல். நிலக்கரியில் சொன்னால் ஏறத்தாழ முப்பது டன்.

விளக்கில் ஒரு நுணுக்கம்

மேற்படி கணக்கை இன்று பெரும்பாலான நிர்வாகிகள் அறிவார்கள். பலர் மாற்றியும் விட்டார்கள். மாற்றிய பிறகு எழும் தொல்லைகளைப் பற்றித்தான் யாரும் சொல்வதில்லை. நெல், அரிசி, பருப்பு வைக்கும் கிட்டங்கிகளில் வண்டுகளை ஒழிக்க அட்டிகளைத் தார்ப்பாயால் மூடிப் புகைமூட்டம் போடுகிறார்கள் அல்லவா? அதற்கு வைக்கும் மாத்திரைகளிலிருந்து கிளம்பும் பாஸ்பீன் வாயு செம்பை அரிக்கும் குணமுடையது. கசிந்து மேலே ஏறும் அந்த வாயு, எல்.இ.டி. விளக்கின் டிரைவர் பெட்டிக்குள் புகுந்து, ஐந்து வருஷம் எரியவேண்டிய விளக்கை முன்கூட்டியே அணைத்துவிடக்கூடும், எல்.இ.டி. ‘நம்ம ஊருக்கு ஒத்துவராது’ என்ற தீர்ப்பும் உடனே வந்துவிடும். குற்றம் விளக்கினுடையது அன்று. வாயு புகாதபடி மூடிய விளக்கைக் கேட்டு வாங்காதது குற்றம். மிகக் குறைந்த விலை கேட்டவருக்கே டெண்டர் என்ற வழக்கமும் அதற்கு உடந்தை.

எந்த விளக்கும் எரியாமலிருப்பதே எல்லாவற்றிலும் சிக்கனம். கூரைப் பரப்பில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு வரை ஒளி ஊடுருவும் ஷீட் பதித்தால் பகலில் பெரும்பாலான வேலைக்கு அதுவே போதும். அதற்கு மேல் பதித்தால் வெளிச்சத்தோடு வெயிலும் இறங்கி, கூரைக்கு வெள்ளையடித்த பலனைத் தின்றுவிடும். மலிவான ஷீட் நாலைந்து வருஷத்தில் மஞ்சளித்துப் போகும் என்பதையும், அட்டிகளுக்கு நடுவிலுள்ள நடைபாதைக்கு நேர்மேலே பதிக்காவிட்டால் வெளிச்சம் மூட்டையின் தலையில் விழுந்து வீணாகும் என்பதையும் கட்டும்போதே யோசித்துவிட வேண்டும்.

மீட்டர் ஓடாவிட்டாலும் ஓடும் கட்டணம்

யூனிட் குறைந்தும் பில் குறையவில்லை என்ற புகாரை மதுரை வட்டாரத்துத் தொழில் வட்டங்களில் அடிக்கடி கேட்கலாம். அதில் நியாயம் இருக்கிறது. 2022 செப்டம்பரில் மின்கட்டணம் மாற்றியமைக்கப்பட்டபோது, உயரழுத்த இணைப்புகளுக்கு ஒரு கிலோவோல்ட் ஆம்பியருக்கு மாதம் 350 ரூபாயாக இருந்த கேட்புக் கட்டணம், அதாவது ஒப்பந்தம் செய்த மின்தேவைக்காக மாதந்தோறும் கட்டும் நிலைக் கட்டணம், 550 ரூபாயாயிற்று, அதன்பின்னும் உயர்ந்திருக்கிறது. பதிவான உச்சத் தேவை எவ்வளவு குறைந்தாலும், ஒப்பந்தத் தேவையில் 90 சதவிகிதத்துக்காவது பணம் கட்டியாக வேண்டும். காலையிலும் மாலையிலும் உச்சநேரத்தில் எரிக்கும் யூனிட்டுக்கு 25 சதவிகிதம் கூடுதல். இரவு நேரத்துக்கு 5 சதவிகிதம் தள்ளுபடி. நிலைக் கட்டணத்தையும் உச்சநேரக் கட்டணத்தையும் எதிர்த்தே 2023 செப்டம்பர் 25 அன்று தமிழகத்துச் சிறு குறுந்தொழில்கள் ஒரு நாள் கதவடைத்தன. தாழ்வழுத்தத்தில் வணிகப் பட்டியலில் வரும் குடோனுக்கோ, 2024 ஜூலை உயர்வுக்குப் பிறகு, நூறு யூனிட்டுக்கு மேற்பட்ட ஒவ்வொரு யூனிட்டும் பத்து ரூபாய்க்கு மேல்.

இதனால் விளையும் பாடம் மிகவும் நடைமுறையானது. விளக்கையும் விசிறியையும் மோட்டாரையும் மாற்றிச் சுமையைக் குறைத்தவர், அத்தோடு நிற்காமல், ஒப்பந்தச் சுமையைக் குறைக்கும்படி மின்வாரியத்துக்கு விண்ணப்பம் எழுத வேண்டும். அதைச் செய்யாதவர், வீட்டில் இரண்டு பேரானபின்பும் பத்துப் பேருக்கு மெஸ் பணம் கட்டுகிறவரை ஒப்பார். திறன்காரணி குறைந்தால் விழும் அபராதத்தையும் கவனிக்க வேண்டும். அதைத் தடுக்கக் கெபாசிட்டர் வைத்துவிட்டோம் என்ற நிம்மதியில் அது செத்துப்போனதை மாதக்கணக்கில் கவனியாதிருக்கும் இடங்கள் பல. பில்லின் பின்பக்கத்து எண்களை வாசிக்கத் தெரிந்த ஒரு கணக்குப்பிள்ளை, சில கிட்டங்கிகளில், புது விளக்குகளைவிட அதிகப் பணத்தை மீட்டுத் தருவார்.

குளிர்க் கிடங்கின் வாசல்

குளிர்க் கிடங்குகளில் கணக்கே வேறு. அங்கே மின்சாரம்தான் பிரதானச் செலவு. புளியும் மிளகாய் வற்றலும் நிறம் கெடாதிருக்கவும், மாம்பழமும் காய்கறியும் விலை ஏறும்வரை காத்திருக்கவும், மருந்துகளும் ஐஸ்கிரீமும் கெடாதிருக்கவும், கம்ப்ரஸர் இரவும் பகலும் ஓடுகிறது.

இங்கே பெரும் விரயம் வாசலில் நிகழ்கிறது. வெளியே முப்பத்தெட்டு டிகிரி, உள்ளே நாலு டிகிரி என்றிருக்கையில், கதவைத் திறந்த கணத்தில் கனமான குளிர்காற்று தரையோரமாக வெளியே வழிந்தோட, அதற்கு ஈடாக மேற்பாதியில் ஈரமும் சூடும் நிறைந்த காற்று உள்ளே பாய்கிறது. அந்த ஈரம் குளிர்சுருளின் மேல் பனியாக உறைந்து, சுருளைச் செயலற்றதாக்கி, அதைக் கரைக்க மறுபடியும் மின்சாரம் கேட்கிறது. இதைத் தடுக்கும் பிளாஸ்டிக் பட்டைத் திரை எல்லாக் கிடங்கிலும் தொங்கத்தான் செய்கிறது. மூட்டை தூக்குபவர் முகத்தில் அடிக்கிறது என்பதற்காக அதைச் சுருட்டிக் கதவின் மேல் கட்டிவைத்திருப்பதும் எல்லாக் கிடங்கிலும் உண்டு. தொழிலாளியைக் குறைசொல்லிப் பயனில்லை. கீறல் விழுந்து மங்கிப்போன பட்டைகளை மாற்றினால் அவரே அதை இறக்கிவிடுவார்; எதிரே வருபவர் கண்ணுக்குத் தெரியாத திரைக்குள் பாரத்தோடு நுழைய யார்தான் துணிவார்கள்?

குளிர்விக்கும் வெப்பநிலையை அவசியத்துக்கு மேல் ஒரு டிகிரி தாழ்த்தி வைத்தாலும் மின்செலவு இரண்டு மூன்று சதவிகிதம் ஏறும். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று தாழ்த்தி வைப்பது பாதுகாப்பு அன்று, வீண்செலவு. விசிறியின் வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் அது இழுக்கும் மின்சாரம் ஏறக்குறையப் பாதியாகிவிடும் என்பது பௌதிக விதி. இரவில் ஆழமாகக் குளிரவைத்து, மாலை உச்சநேரத்தில் கம்ப்ரஸரை ஓய விடும் யுக்தியால் யூனிட் அவ்வளவாகக் குறையாது, பணம் குறையும்.

கூரை ஒருவருடையது, பில் இன்னொருவருடையது

இவ்வளவும் தெரிந்திருந்தும் ஏன் நடப்பதில்லை? விஷயத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. சாலையோரக் கிட்டங்கிகளில் பெரும்பகுதி வாடகைக்கு விடப்படுபவை. நிலத்துக்குச் சொந்தக்காரர், சதுர அடிக்கு இவ்வளவு வாடகை என்ற கணக்கில் கட்டுகிறார். காப்புப் போர்வைக்கும் வெள்ளைப் பூச்சுக்கும் அவர் போடும் பணம் வாடகையில் ஒரு பைசாகூட ஏறாது. மின்கட்டணம் கட்டும் வாடகைதாரரோ, பதினொரு மாதத்திலோ மூன்று வருஷத்திலோ காலி செய்துபோகும் தாம் பிறர் கூரைக்கு ஏன் செலவழிக்க வேண்டும் என்று கேட்கிறார். இருவர் கேள்வியும் நியாயமானதே. இரண்டு நியாயங்களுக்கும் நடுவில் தகரம் தகித்துக்கொண்டே இருக்கிறது.

இதன் பலனை அனுபவிப்பவர்கள் மூன்றாவது மனிதர்கள். உச்சி வரிசை அடுக்கும் தொழிலாளி அவர்களில் முதல்வர். மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் அவர், மயக்கம் வந்து உட்கார்ந்தால் அந்த நேரத்துக்குக் கூலி இல்லை, ஆகையால் உட்காருவதில்லை. வெப்ப அலையைத் தமிழக அரசு 2024 அக்டோபரில் மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறந்தவர் குடும்பத்துக்கு நாலு லட்சம் ரூபாய் நிவாரணம் என்று வகுத்தது. நிவாரணம் நல்லதே, அந்தத் தொகையில் சிறு பகுதி ஒரு கூரைக்கு வெள்ளையடிக்கப் போதும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அடுத்தது பண்டம். விதையின் ஈரப்பதம் ஒரு சதவிகிதம் குறைந்தாலும், சேமிக்கும் இடத்தின் வெப்பம் ஐந்து டிகிரி குறைந்தாலும், அதன் ஆயுள் இரட்டிக்கும் என்று ஹாரிங்டன் என்ற விஞ்ஞானி வகுத்த எளிய விதியை விதைத் துறையினர் எல்லோரும் அறிவர். அதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால், தகரத்தை ஒட்டிய மேல்வரிசை விதைமூட்டை, அட்டியின் நடுவிலுள்ள மூட்டையைவிட எவ்வளவு சீக்கிரம் முளைப்புத்திறனை இழக்கும் என்பது விளங்கும். பதினேழு சதவிகிதத்துக்கு மேற்பட்ட ஈரத்தோடு வரும் நெல், கொள்முதல் நிலையத்தில் தள்ளுபடியாகிறது. அந்தக் கண்டிப்போடு வாங்கிய நெல்லைப் பிறகு எப்படிப்பட்ட கூரையின் கீழ் வைக்கிறோம் என்பதை அதே கண்டிப்போடு கேட்பவர் எவருமில்லை. முளைக்காத விதைக்கு நஷ்டம் ஏற்பவர் கிட்டங்கிக்காரரும் அல்லர், வாடகைதாரரும் அல்லர். நாற்றங்காலில் விதைத்துவிட்டுக் காத்திருக்கும் விவசாயியே.

முடிச்சை அவிழ்க்க வழி உண்டு. வாடகைப் பத்திரத்தில் ஒரு ஷரத்து சேர்த்து, கூரைச் செலவைச் சொந்தக்காரர் செய்வதென்றும், மின்கட்டணத்தில் மிச்சமாவதில் ஒரு பங்கைச் சில வருஷங்களுக்கு வாடகையோடு சேர்த்து அவருக்குக் கொடுப்பதென்றும் எழுதிக்கொள்ளலாம். பெரிய நகரங்களில் பன்னாட்டு நிறுவனங்கள் வாடகைக்கு எடுக்கும் இடங்களில் இத்தகைய ஷரத்துகள் வரத் தொடங்கியிருக்கின்றன. மேலூரில் முத்திரைத்தாளில் பழைய நகலைப் பார்த்து எழுதுகிற பத்திர எழுத்தரின் மேஜைக்கு அது வந்துசேர வேண்டும்.

சூரியனிடமே கேட்டால்?

கூரையில் சோலார் தகடு பதிப்பதைப் பற்றிக் கேட்காதவர் இல்லை. ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் நூறு சதுர அடி. நாளுக்குச் சராசரி நாலு யூனிட். பதினாயிரம் சதுர அடிக் கூரையில், நடைவழிகளும் ஒளி ஷீட்டுகளும் போக, எழுபது கிலோவாட் பதித்தால் நாளுக்கு 280 யூனிட் கிடைக்கும். பகலிலேயே வேலை நடக்கும் கிட்டங்கிக்கு அது தாராளம். தகடுகள் கூரைக்கு நிழலும் தருகின்றன. ஆனால் மழையையும் காற்றையும் மட்டும் எண்ணிப் போட்ட பழைய கூரைச் சட்டங்கள், சதுர மீட்டருக்குப் பன்னிரண்டு கிலோவுக்கு மேல் ஏறும் பாரத்தைத் தாங்குமா என்று கட்டட இன்ஜினீயரிடம் கேட்காமல் இறங்கக் கூடாது. விரயத்தைக் குறைக்காமல் தகடு பதிப்பவர், தேவைக்கு இரண்டு பங்கு தகடு வாங்குகிறார். முதலில் விளக்கும் கூரையும், பிறகே சோலார் என்ற வரிசை பிசகக் கூடாது.

இன்று மேலூர்ச் சாலையில் அஸ்திவாரம் போடப்படும் ஒரு கிட்டங்கி, இன்னும் முப்பது வருஷம் அங்கேயே நிற்கும். வரைபடத்துக்கு அனுமதி கொடுக்கும் நகராட்சியும் ஊராட்சி ஒன்றியமும், தீயணைப்பு வழியையும் லாரி திரும்பும் இடத்தையும் கேட்பதுபோல், கூரைக்கு அடியில் காப்பு உண்டா, சுவரின் அடியில் காற்றுவழி உண்டா, நீண்ட சுவர்கள் வடக்கும் தெற்கும் பார்க்கின்றனவா என்ற மூன்று கேள்விகளையும் கேட்க வேண்டும். சேமிப்புக் கிடங்குக் கழகமும் நுகர்பொருள் வாணிபக் கழகமும் தனியார் கிட்டங்கிகளை வாடகைக்கு எடுக்கும்போது வெள்ளைக் கூரையை நிபந்தனையாக வைக்குமானால், மற்றவர்களும் பின்பற்றுவார்கள். பழைய கிட்டங்கிக்காரர்களுக்கு வேண்டுகோள் ஒன்றுதான்: வருகிற பங்குனி பிறப்பதற்குள் கூரையைக் கழுவி, வெள்ளை அடித்துவிடுங்கள்.